ரிலீவர் விதி: பன்னிரண்டாவது திருத்தம்

மண்ணூர்
ஞாயிறு, கார்த்திகை

அன்புள்ள லட்சுமிக்கு,

இல்லை, எடுக்கவில்லை. நம் விளையாட்டின் அந்த விதி இன்னும் இருக்கிறது. கைப்பிரதியின் ஒன்பதாம் பக்கத்தில், அதே இடத்தில். பதினோரு தடவை மாற்றி எழுதிப் பார்த்துவிட்டேன்.

நீ கேட்டதாகச் சுந்தராம்பாள் அக்கா சொன்னார். ஹாஸ்டல் மெஸ்ஸில் வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். "ஒன் லெட்டரு போய் சேந்துச்சு. படிச்சா. அந்த ரூலு இன்னும் கீதான்னு கேட்டா. வேற ஒண்ணும் சொல்லல" என்றார். என்ன ரூல் என்று அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள ஆசையும் இல்லை. "அட்ரஸ் மட்டும் கேக்காத. கேட்டேன்னு வெச்சிக்கோ, ஒனக்கு இந்த மெஸ்ல சோறு கெடையாது" என்று கத்தியை என் பக்கம் நீட்டினார். நான் கேட்கவில்லை. கேட்பேன் என்று அவர் எதிர்பார்த்ததுதான் வலித்தது. எதிர்பார்த்ததும் சரிதான்.

நலமா என்று ஆரம்பிக்க வேண்டும். கை வரவில்லை. நீங்கள் இருவரும் இப்போது ஒரே இடத்தில் இருக்கிறீர்கள் என்று மட்டும் அக்கா சொன்னார். அதைக் கேட்டு அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். இதை எழுதும்போது அற்பமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

இங்கே செய்தி குறைவு. உன் கட்டிலில் தர்மபுரிப் பெண் ஒருத்தி. தூக்கத்தில் பேசுகிறாள், தெளிவாக, முழு வாக்கியங்களாக. எழுப்பினால் நான் ஒன்றும் பேசவில்லையே என்கிறாள். கம்பெனியில் புது மாடல் காருக்கு ஹார்னஸ் வந்திருக்கிறது. ஒயர்க்கொத்து முன்பைவிடக் கனம். மேஜையில் தூக்கி வைக்கவே இரண்டு பேர் வேண்டும். என்னைச் செக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க மற்றவர்கள் செய்த தப்பைத் தேடும் வேலை. கண் அதற்குப் பழகிவிட்டது. பஸ்ஸில் வரும்போதுகூட ஜன்னலுக்கு வெளியே தப்புகள்தான் தெரிகின்றன: சாய்ந்த போர்டு, பாதியில் நின்ற பாலம், இருங்காட்டுக்கோட்டை திருப்பத்தில் யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன ஒற்றைச் செருப்பு.

நம் அறை உலகம்மாளும் இப்போது இங்கே இல்லை. ஒரகடத்தில் வேறு கம்பெனி. சேரப்பணஞ்சேரியில் அறை எடுத்திருக்கிறாள். போகிற அன்று பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள். "நான் வேணும்னு சொல்லலட்டி. பாவம்னுதான் எங்கம்மைகிட்டச் சொன்னேன். அவ போய் ஒங்க ஊர்க்காரிகிட்டச் சொல்லுவான்னு நான் கண்டேனா?" என்று உன்னிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "ஒன் மேல தப்பில்லட்டி, வாய் தவறிருச்சி" என்று ஆறுதல் சொன்னேன். அந்தக் கையை இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

சசிரேகா மட்டும் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். நாங்கள் விளையாடுவதில்லை. துணி துவைக்கிறோம்.

---

நரசிம்மன் சார் என்று ஒருவர். சசியின் சித்தப்பா மகனுடைய கல்லூரி நண்பர். சென்னையில் நான்கைந்து பேராகச் சேர்ந்து நம்முடையது மாதிரி, கதை சொல்லி ஆடும் விளையாட்டுகளைச் சின்னப் புத்தகங்களாகப் போடுகிறார்கள். நம் விளையாட்டைச் சசி எப்போதோ அவர்களிடம் காட்டியிருக்கிறாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாம் எழுதியதை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள், மறுபக்கத்து ராகு காலம் எமகண்டம் மங்கலாகத் தெரிய. அவர்கள் ஆறு வாரம் ஆடிப் பார்த்தார்களாம். முந்நூறு பிரதி போடலாம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை சிவகாசிக்கு அனுப்ப வேண்டும்.

முதல் கடிதத்தில் இதைச் சொல்லவில்லை. அது மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். மன்னிப்புக் கடிதத்தில் அச்சுத் தேதி எப்படி எழுதுவது?

முன்னுரை கேட்டிருக்கிறார். விளையாட்டு எப்படிப் பிறந்தது, இரண்டு பக்கத்துக்குள். எழுதியிருக்கிறேன். உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனாலும் இங்கே சொல்கிறேன், பிசகு இருந்தால் உனக்குத்தான் தெரியும் என்பதால்.

போன வருஷ மழையில் ஏரி நிரம்பி ஷிப்ட் பஸ் வராமல் போன இரண்டு நாட்கள். அறையில் நீ, நான், உலகு. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்த சசி. லூடோ அட்டை நனைந்து உரிந்துவிட்டது. மிச்சம் இரண்டு பகடைகள், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. "அட்ட இல்லாட்டா என்னட்டி, நாமளே நடந்து போற மாதிரி வச்சுக்கிடுவோம்" என்று நீ சொன்னாய். முன்னுரையில் இந்த வாக்கியத்தை அப்படியே எழுதியிருக்கிறேன். யார் சொன்னது என்ற இடத்தில் ஒரு கோடு.

ஓர் ஊர். ஏரி உடையப்போகிறது. எல்லோரும் நடக்க வேண்டும். ஒருத்தி வழியைச் சொல்லிக்கொண்டு போவாள். மற்றவர்கள் தாங்கள் கற்பனை செய்த ஆளாகப் பேசுவார்கள். ஆளுக்கு மூன்று பொருள். ஆளுக்கு ஒரு சீட்டு; அந்த ஆள் யாரிடமும் சொல்லாத ஒன்றை அதில் எழுதி, மடித்து, ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். ஆற்றையோ வேலியையோ தாண்ட இரண்டு பகடையும் சேர்த்து ஏழு வேண்டும். குறைந்தால் பொருளைக் கீழே போடலாம். ஒரு பொருளுக்கு ஓர் எண் கூடும். எல்லாவற்றையும் போட்ட பிறகும் ஏழு வரவில்லை என்றால் கடைசி வழி, சீட்டைப் பிரித்துச் சொல்லாததைச் சொல்வது. சொன்னால் பகடை என்னவானாலும் எல்லோரும் கடந்துவிடுவார்கள்.

சசி இதை அவள் அம்மாவுக்கு விளக்கியது நினைவிருக்கிறதா? "நாடகம் மாதிரிம்மா. ஆனா மேடை கெடையாது, மேக்கப் கெடையாது. உக்காந்துகினே நடப்போம்." அதற்கு அவள் அம்மா, "உக்காந்துகினு நடக்குறதுக்கு எதுக்குடி பத்து கிலோமீட்டர் நடந்தா மாதிரி மூஞ்ச வெச்சிகினு வர?" என்றாராம். உலகு தன் மூன்று பொருளில் ஒன்றாக டேபிள் டாப் கிரைண்டரை எழுதினாள். கரண்டே இல்லாத காட்டில் அதைத் தூக்கிக்கொண்டு நான்கு மாதம் நடந்தாள். எத்தனை தடவை சொன்னோம். கீழே போடமாட்டேன் என்று விட்டாள்.

இதெல்லாம் முன்னுரையில் இருக்கிறது. நன்றாகவே வந்திருக்கிறது. எனக்கு எழுத வரும் என்று எம்.ஏ. வகுப்பில் சொன்னார்கள். அதுதான் என் பிரச்சினை.

---

ரிலீவர் விதி உன்னுடையது.

உன்னை பி-ஷிப்டுக்குப் போட்டபோது வந்தது. ஞாயிறு ஓ.டி. என்றால் நீ இருக்கமாட்டாய். உன் ஆள் என்ன செய்வாள், மரத்தடியில் தூங்கட்டும் என்றேன் நான். நீ ஒப்புக்கொள்ளவில்லை. லைனில் நாம் பாத்ரூம் போனால் லைன் நிற்கிறதா? ரிலீவர் வந்து நம் இடத்தில் நிற்கிறாள். அவள் போட்ட பீஸ் நம் பெயரில் ஏறுகிறது. அவள் தப்பாகப் போட்டாலும் நம் பெயரில்தான் ஏறுகிறது. அது மாதிரி இங்கேயும் இருக்கட்டும் என்றாய். "நான் இல்லன்னா முத்து எனக்கு ரிலீவர். அவ செஞ்சது நான் செஞ்சது" என்றாய்.

முத்து என்று என் பெயரைச் சொன்னாய். உலகு, நான் மாட்டேனா என்று கோபித்துக்கொண்டாள். "நீ அவளையும் கிரைண்டர் தூக்க வச்சிருவ" என்றாய்.

பிறகு நீயே ஒரு வரி சேர்த்தாய். ஒரு வெள்ளிக்கிழமைக் காலண்டர் தாளில், உன் சாய்ந்த கையெழுத்தில் இருக்கிறது: 'ரிலீவர் சீட்டைப் பிரிப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.'

இனி திருத்தங்கள்.

முதல் மூன்றும் வார்த்தை மாற்றம். நான்காவதில், ரிலீவர் சீட்டைத் தொடவே கூடாது. ஐந்தாவதில், தொடலாம், ஆனால் உரியவருக்குப் போன் செய்து கேட்க வேண்டும். லைனில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தானே போகிறோம், யாரைக் கேட்பது? ஏழாவதில், சீட்டை உரியவர் தன்னோடு எடுத்துப் போய்விட வேண்டும். ஒன்பதாவதில் சீட்டே கிடையாது. அதைச் சென்னையில் ஆடிப் பார்த்துவிட்டு, விளையாட்டு வாக்கிங் போகிற மாதிரி ஆகிவிட்டது என்றார்கள். பதினொன்றாவதில் இரண்டு ரிலீவர்கள், இருவரும் ஒத்துக்கொண்டால் மட்டும்.

போன புதன்கிழமை நரசிம்மன் சார் போனில், "ஏங்க, நாங்க ஆறு வாரம் ஆடுனோம், அந்த ரூல்ல எங்களுக்குப் பிரச்சினையே வரலீங்க. ஏன் திரும்பத் திரும்ப அதையே மாத்துறீங்க?" என்று கேட்டார். பாவம், சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். லாரி சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கேட்டது.

---

ஆடி மாத ஞாயிறு. நீ ஓ.டி.யில். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் நாங்கள் மூன்று பேர். சசி வழி சொன்னாள். ஆறு வந்தது. உன் ஆள்தான் முதலில் இறங்க வேண்டும், உனக்காக நான் பகடை போட வேண்டும். டிபன் பாக்ஸ் மூடியில் போட்டேன்.

மூன்று விழுந்தது என்று உனக்கு எழுதியிருந்தேன். விளக்கு, கயிறு, நெல்லளக்கும் மரக்கால், உன் ஆளின் மூன்று பொருளையும் போட்டாலும் ஆறுதான். வேறு வழியே இல்லை. அதனால் சீட்டைப் பிரித்தேன். விதி அப்படி இருந்தது. விதியில்தான் ஓட்டை. அதை அடைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்தில் நான் எழுதியது இவ்வளவுதான், அழகான வாக்கியங்களில்.

லட்சுமி, விழுந்தது நான்கு.

வெள்ளை மூன்று, சிவப்பு ஒன்று. தூறல் ஆரம்பித்திருந்தது. சசி எழுந்துபோய்க் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். உலகு தலை குனிந்து தன் தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். மூடி என் பக்கம் சாய்ந்திருந்தது. "மூணு" என்றேன். பகடைகளை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். யாரும் காட்டு என்று கேட்கவில்லை. நம் விளையாட்டில் யாரும் கேட்டதே இல்லை.

நான்கும் மூன்றும் ஏழு. உன் ஆள் வெறும் கையோடு ஆற்றைக் கடந்திருப்பாள். சீட்டு மூடியபடி இருந்திருக்கும்.

ஏன் என்று நீ கேட்கவில்லை. நான் சொல்கிறேன். பத்து மாதம் ஒரே அறையில் இருந்தோம். ஞாயிறு காலையில் நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு போனில் யாருக்கோ ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண்ணச் சொல்லிக்கொடுப்பாய். ஏழில் நின்று காத்திருப்பாய். அந்தப் பக்கம் ஏதோ சத்தம் வரும், நீ சிரிப்பாய், எட்டு என்பாய். அண்ணன் பிள்ளை என்று எங்களிடம் சொன்னாய். எனக்கு அது அண்ணன் பிள்ளை இல்லை என்று தெரியும். உன் இடது முழங்கை முழுதாக நீளாது என்பதும் தெரியும், டேப் சுற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒன்றையும் நான் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். அது நாகரிகம் இல்லை. நீயாக என்னிடம் சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். நீ சொல்லவில்லை. எனக்கு அது கோபமாக இருந்திருக்கிறது. எவ்வளவு கோபம் என்று அந்த மூடியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கேட்டால் நீ மறுக்கலாம். விளையாட்டில் கேட்க வேண்டியதில்லை.

'மகளைச் சித்தியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவர்களுக்கு இடம் தெரியக்கூடாது.' சீட்டில் இவ்வளவுதான். உன் ஆளுக்கு எழுதியது போலவே இல்லை. வேறெங்கும் எழுத இடம் இல்லாததால் எழுதியது.

அப்போதும் நேரம் இருந்தது. மனத்துக்குள் படித்துவிட்டு, வேறெதையாவது சொல்லியிருக்கலாம். நகை திருடியவள், கொலை செய்தவள், என்ன வேண்டுமானாலும். எனக்குத்தான் சொல்ல வருமே.

உன் ஆளை ஆற்றங்கரையில் நிறுத்தினேன். சித்தி வீட்டில் விட்டு வந்த மகளைப் பற்றிச் சொல்ல வைத்தேன். அதோடு விடவில்லை. காற்றைப் பார்த்து அவளை எண்ண வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் நிறுத்தினேன். நீ காத்திருப்பது போலவே காத்திருந்தேன். எட்டு என்றேன்.

சசி துணிக்குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "சீ, இன்னாடி இப்டி அழ வெச்சிட்ட" என்றாள். உலகு அழவில்லை. பேனாவை மூடினாள். அவளும் அதே அறையில்தானே ஞாயிற்றுக்கிழமைகளில் படுத்திருந்தாள்.

சீட்டில் எண்கள் இல்லை, லட்சுமி. எண்களை நான் போட்டேன். வெறும் சீட்டைப் படித்திருந்தால் அது விளையாட்டு என்றே போயிருக்கும். உலகு தன் அம்மாவிடம் உன் கதையைச் சொல்லவில்லை. நான் சொன்னதை, நான் சொன்னபடி சொன்னாள்.

சாயங்காலம் நீ வந்தாய். சசி படியிலேயே பிடித்துக்கொண்டு, "ஒன் ஆளு இன்னிக்கி ஆத்தத் தாண்டிட்டா தெரியுமா, முத்து பிச்சி ஒதறிட்டா" என்று எல்லாவற்றையும் கொட்டினாள். நீ பையைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாய். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "எத்தன விழுந்துச்சு?"

"மூணு" என்றேன்.

நீ விரல்விட்டு எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "அப்பம் சரி. வேற வழி இல்லல்லா" என்றாய். போய் முகம் கழுவினாய்.

மூன்று வாரம் கழித்து, அந்தப் பேச்சு உன் புகுந்த வீடு வரை எட்டி, உன் கொழுந்தன் இரண்டு பேரோடு வந்து ஹாஸ்டல் கேட்டில் நின்றான். முந்தைய நாளே சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்; பின்வாசல் வழியாகக் குழந்தையோடு வெளியேற சித்திக்கு நேரம் கிடைத்திருக்கிறது. இங்கே சுந்தராம்பாள் அக்கா கேட்டுக்குக் குறுக்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லப்பா. பொம்பளப் புள்ளைங்க இருக்குற எடம், கெளம்பு. இல்ல, எங்க ஊரு ஆளுங்கள கூப்புடட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, நீ மெஸ் பின்கதவு வழியாக, சிலிண்டர் இறக்க வந்த அவர் தம்பி ரகுபதியின் வண்டியில் போய்விட்டாய். நான் அப்போது லைனில் இருந்தேன். உன் ஷிப்ட் தொடங்கியதும் உன் இடத்துக்கு ரிலீவர் ஒருத்தியை நிறுத்தினார்கள். ஷிப்ட் முடிகிற வரை நீ வருவாய் என்று நினைத்து அவள் உன் கார்டிலேயே பீஸ் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த மூன்று வாரமும் நீ என்னோடு ஒரே டம்ளரில் டீ குடித்தாய். மூன்று என்று நம்பிக்கொண்டு.

---

ஆக, விதியில் ஓட்டை இல்லை. நீ எழுதிய வரியிலேயே எல்லாம் இருந்தது. சரியாக இருந்த ஒன்றை நான் பதினோரு தடவை திருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு திருத்தமும், படிக்கிறவர்களுக்கு, விதிதான் செய்தது என்று சொல்லும்.

நேற்றுப் பன்னிரண்டாவது திருத்தம் செய்தேன். என் வரிகளையெல்லாம் அடித்துவிட்டு உன்னுடையதைத் திரும்ப எழுதினேன், ஒரு சொல் மாறாமல். உன் கேள்விக்குப் பதில் அதுதான். இருக்கிறது. நீ எழுதியபடி இருக்கிறது. அதை எடுக்கச் சொல்வதற்காகக் கேட்டாயா, வைக்கச் சொல்வதற்காகக் கேட்டாயா என்று எனக்குத் தெரியாது. ஊகிக்கப் போவதில்லை.

இனி பெயர். உன்னிடம் கேட்க வேண்டியது இது ஒன்றுதான்.

புத்தகத்தில் உருவாக்கியவர்கள் என்று ஒரு வரி உண்டு. என் பெயரை மட்டும் போட்டால் திருட்டு. பாதிக்கு மேல் உன் விளையாட்டு. உன் பெயரையும் போட்டால் நரசிம்மன் சார் ஆட்கள் அதை இணையத்தில் ஏற்றுவார்கள். சென்னையில் யார், எந்த ஊர் என்று கேட்பார்கள். கேட் வரைக்கும் வந்தவர்களுக்குத் தேட ஒரு நூல்முனை கிடைக்கும். இதைச் சாரிடம் முழுதாகச் சொல்லாமல் சொன்னேன். "அவ்வளவுதானே, ஒரு புனைபெயர் வெச்சுடுங்க" என்றார். நல்ல யோசனை என்றுதான் பட்டது. உட்கார்ந்து உனக்கு மூன்று பெயர் எழுதினேன். மூன்றாவது மிக அழகாக இருந்தது. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் உன் இடத்தில் நின்று உனக்காகப் பேசுகிறேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. தாளைக் கிழித்தேன். அந்தப் பெயரை உனக்குச் சொல்லமாட்டேன்.

சசியிடமும் உலகுவிடமும் நான்கு விழுந்தது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் என் மனம் லேசாகும். ஆனால் எதற்காகப் பொய் சொன்னேன் என்று கேட்பார்கள், சீட்டு வரும், மகள் வரும், மறுபடியும் உன்னை ஆற்றங்கரையில் நிறுத்த வேண்டியிருக்கும். உலகுவிடம் மட்டும் இவ்வளவு சொல்வேன்: தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது, காரணம் கேட்காதே. திட்டுவாள். சேரப்பணஞ்சேரிக்கு நேரில் போய்ச் சொல்வேன்.

நீ செய்ய வேண்டியது எதுவும் இல்லை. விருப்பம் இருந்தால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியனுப்பு. போடு என்றோ, போடாதே என்றோ, புத்தகமே வேண்டாம் என்றோ. எந்தப் பெயர் என்றாலும் நீ சொல்வதுதான். உன்னிடமிருந்து வார்த்தை வரும்வரை புத்தகம் வராது. வராமலே போனால், நீ பேசவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்வேன். அதற்குள் வேறு அர்த்தம் தேடமாட்டேன், அதை வைத்து ஒன்றும் எழுதவும் மாட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது தெரியும், பார். விழுந்தது நான்கு என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மழை இந்த வருஷமும் விடவில்லை. கை வலிக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடு. நீங்கள் இருக்கும் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் நன்றாக விழட்டும். வெளியே யாராவது கூப்பிட்டால், குரல் தெரிந்ததாக இருந்தாலும், என் குரலாகவே இருந்தாலும், யோசித்துத் திற.

உன்
முத்துச்செல்வி

பின்குறிப்பு: எழுதி முடித்துவிட்டு நரசிம்மன் சாருக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாம், நிறுத்தி வையுங்கள் என்றேன். எவ்வளவு நாள் என்று கேட்டார். தெரியாது என்றேன். இப்போது கவரை ஒட்டப்போகிறேன். அதன்மேல் உன் பெயரை எழுதவில்லை. அக்காவிடம் அப்படியே கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போகிறேன்.